ஒன்பது புள்ளி எட்டு

நான் இயற்பியல் படித்தது ஆசைப்பட்டு அல்ல. கணிதத்துக்குத்தான் விண்ணப்பித்தேன். இடம் இல்லை, இயற்பியலில் இரண்டு இடம் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார்கள். அத்தா என் முகத்தைக்கூடப் பார்க்காமல் வேண்டும் என்று சொல்லிவிட்டார். இயற்பியலோ கணிதமோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். அது கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பெண்கள் கல்லூரி, மதில் உயரம், விடுதியில் கட்டுப்பாடு ஜாஸ்தி. அவர் பார்த்தது அவ்வளவுதான்.

எண்பதுகளின் நடுவில் கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவிலிருந்து ஒரு முஸ்லிம் பெண் வெளியூருக்குப் படிக்கப் போவது பேச்சுக்கு இடமான விஷயம். பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள்ளேயே இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்துபோயிருந்தார்கள். என்னை விடுதியில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது அத்தா சொன்னார்: "ஒரு பேச்சு வரக்கூடாது. வந்துச்சின்னா அன்னிக்கே கூட்டிக்கினு போயிடுவேன்." அதட்டாமல்தான் சொன்னார். அதனால்தான் அந்தப் பயம் மூன்று வருடமும் என்னைவிட்டுப் போகவில்லை.

காலியாக இருந்த இன்னொரு இடத்தில் சேர்ந்தவள் கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி இன்னும் இரண்டு மணி நேரம் நடந்தால் அவள் ஊர். மலையில் அரசாங்க உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, பிறகு கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது முடித்தவள். அவளுடைய அப்பா எங்கள் கடைக்கு வாடிக்கைக்காரர். அத்தாவின் கடையில் டார்ச் லைட்டும் பேட்டரியும் பூட்டும் விற்றோம். மின்சாரம் எட்டாத மலையூர்களிலிருந்து இறங்குகிறவர்கள் பேட்டரி வாங்காமல் திரும்ப மாட்டார்கள். இரண்டு பெண்களும் ஒரே கல்லூரியில் சேர்ந்துவிட்டது தெரிந்ததும் அவர் அத்தாவிடம் வந்து, "பாய், ரெண்டும் ஒன்னாவே போய் ஒன்னாவே வரட்டும், ஒண்ணுக்கொண்ணு தொணை" என்று கேட்டுக்கொண்டார். அப்படியே ஆயிற்று. விடுமுறை விட்டால் உளுந்தூர்பேட்டை வரை ஒரு பஸ், அங்கே மாறி கள்ளக்குறிச்சிக்கு இன்னொரு பஸ். நான் இறங்கிக்கொள்வேன். அவள் மலை பஸ்ஸுக்குக் காத்திருப்பாள்.

வரிசை எண்ணும் அடுத்தடுத்து வந்ததால் லேபிலும் நாங்களே ஜோடி.

அவள் படித்த விதமே வேறு. நான் பாடத்தை மனப்பாடம் செய்வேன். அவளுக்கு ஆங்கிலம் வராது. ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க அகராதியோடு ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் முடித்த பிறகு அந்தப் பக்கத்தில் அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இருக்காது. வெர்னியர் அளவுகோலை முதன்முதலாகக் கையில் எடுத்த அன்று கம்பியையும் குண்டையும் அளந்து முடித்துவிட்டு, தன் விரல் நகத்தையும் என் காதோலையையும் அளந்து பார்த்தாள். எனக்கு லேப் என்றால் சீக்கிரம் முடித்துவிட்டு வெளியே போகவேண்டிய இடம். அவளுக்கு மணி அடித்தாலும் எழுந்திருக்க மனம் வராது.

துறைத் தலைவராக இருந்தவர் ஒரு கன்னியாஸ்திரி. நாங்கள் சிஸ்டர் என்று கூப்பிடுவோம். எனக்கு அவர் நல்லவர் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நான் தொழுவதற்கு விடுதியில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்து, புதுப் போர்வை ஒன்றை விரித்துக்கொள்ளச் சொன்னவர் அவர். நோன்பு மாதத்தில் எனக்குத் தனியாகச் சோறு எடுத்துவைக்கும்படி சமையல்காரம்மாவிடம் சொல்லிவைத்தவரும் அவர்தான். கிறிஸ்தவப் பெண்கள் மறைக்கல்வி வகுப்புக்குப் போகும் நேரத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு நீதிபோதனை நடத்துவார். உண்மை பேசுவதைப் பற்றி அழகாகப் பேசுவார். அந்த நேரத்தில் அவர் சொன்னதை அவரே நம்பினார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாம் வருடக் கடைசியில் பல்கலைக்கழகத்தின் செய்முறைத் தேர்வு. அதற்குள் ரெக்கார்டு நோட்டில் எல்லாச் சோதனைகளும் எழுதி சிஸ்டரிடம் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். கையெழுத்து இல்லாதவர்கள் தேர்வு எழுத முடியாது. பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் எங்களுக்கு ஊசல் சோதனை வந்தது. சுவரில் பதித்த தாங்கியில் துளைகள் போட்ட நீளமான இரும்புப் பட்டையைத் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். இருபது ஆட்டத்துக்கு எத்தனை வினாடி என்று ஸ்டாப் வாட்ச்சில் பார்த்து எழுத வேண்டும். அதிலிருந்து பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை என்ன வரவேண்டும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஒன்பது புள்ளி எட்டு.

எங்களுக்கு ஒன்பது புள்ளி நான்கு வந்தது.

மறுபடி எடுத்தோம். மறுபடியும் அதே நான்கு. அடுத்த லேபிலும் அதே. நான் வழக்கமாக எல்லோரும் செய்வதைச் செய்தேன். ஒன்பது புள்ளி எட்டை முதலில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எத்தனை வினாடி வந்திருக்க வேண்டுமோ அதைக் கண்டுபிடித்து, அதில் அங்கங்கே ஒரு புள்ளியைக் கூட்டியும் குறைத்தும் எழுதினேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்பது சீனியர்கள் சொல்லிக்கொடுத்த பாடம். அரை மணி நேர வேலை. விடை ஒன்பது புள்ளி எட்டு ஒன்று.

அவளுக்கு அது ஒப்பவில்லை. தப்பு எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள். பட்டையின் நீளத்தை மறுபடி அளந்தாள். தாங்கி ஆடுகிறதா என்று பிடித்துப் பார்த்தாள். கடைசியில் ஒரு நாள் என் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னாள். அத்தா வாங்கிக்கொடுத்தது, வானொலிச் செய்தி நேரத்தோடு அச்சாக ஒத்துப்போகும். அதையும் ஸ்டாப் வாட்ச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்தாள். பத்து நிமிடத்தில் ஸ்டாப் வாட்ச் பன்னிரண்டு வினாடி முன்னால் ஓடியது. மூன்று முறை பார்த்தோம். மூன்று முறையும் பன்னிரண்டுதான். அவள் முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. "வாட்ச்சு வேகமா ஓடுது. நம்ம மேல தப்பு இல்ல" என்றாள்.

பிழையைக் கழித்துக் கணக்கிட்டால் அவளுக்கும் விடை சரியாக வந்தது. அதோடு விட்டிருக்கலாம். அவள் ரெக்கார்டில் கிடைத்த அளவுகளை அப்படியே எழுதி, ஒன்பது புள்ளி நான்கு என்று விடையும் எழுதி, கீழே ஆங்கிலத்தில் நான்கு வரி குறிப்பு எழுதினாள். இந்த ஸ்டாப் வாட்ச் வேகமாக ஓடுகிறது, சோதித்துப் பார்த்தோம், திருத்தினால் விடை இது என்று.

ரெக்கார்டு திரும்பி வந்தபோது அந்தக் குறிப்பில் இருந்த ஆங்கிலப் பிழைகளையெல்லாம் சிஸ்டர் சிவப்பு மையில் சுழித்திருந்தார். பக்கத்தின் குறுக்கே 'ரிப்பீட்' என்று எழுதியிருந்தார். வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவளை எழுப்பி, உங்கள் மலையில் ஈர்ப்புவிசை கொஞ்சம் குறைவாக இருக்கலாம், இப்போது நீ கீழே இருக்கிறாய், கீழே வருகிற விடையை எழுது என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்த ஸ்டாப் வாட்ச் சாதாரணப் பொருள் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. கல்லூரியை ஆரம்பித்த வெளிநாட்டுச் சிஸ்டர் கப்பலில் வரும்போது கையோடு கொண்டுவந்ததாம். அதை வைத்து எத்தனையோ வருடமாகப் பெண்கள் ஒன்பது புள்ளி எட்டு கொண்டுவந்திருக்கிறார்கள். நேற்று வந்த ஒருத்தி அது தப்பு என்று எழுதிவைத்தால், அதை வெளித்தேர்வாளர் வந்து படித்தால், அத்தனை வருடத்து ரெக்கார்டுகளும் என்ன ஆகும்? சிஸ்டர் அப்படித்தான் யோசித்திருப்பார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் குறிப்பு இல்லாமல் எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்று இரண்டு முறை கூப்பிட்டுச் சொன்னார். அவள் இரண்டு முறையும் முன்னே எழுதியதையே எழுதிக்கொண்டு போனாள். இரண்டாம் முறை ஆங்கிலத்தை மட்டும் திருத்தியிருந்தாள்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது சிஸ்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் எங்கள் இருவருடைய ரெக்கார்டும் ஒரே பக்கத்தில் விரிந்து கிடந்தன. அதே சோதனை, அதே தேதி, அதே கருவி. வினாடிகள் மட்டும் வேறு வேறு. பொய் எழுதியவள் நான், மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

"இது நீ பார்த்து எழுதினதாம்மா?" என்று கேட்டார்.

"ஆமா சிஸ்டர்."

"உன் கைக்கடிகாரத்தோட ஒத்துப் பார்த்ததா அவ சொல்றாளே?"

ஆமாம் என்றால் என் ரெக்கார்டு பொய் என்று ஆகும். எனக்கும் கையெழுத்து கிடைக்காது. விடுதியிலிருந்து வீட்டுக்குக் கடிதம் போகும். அத்தா வருவார். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த நேரத்தில் இத்தனையும் யோசித்தேன் என்று சொன்னால் அதுவும் ஒரு பின்னோக்கிப் போட்ட கணக்குத்தான். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அப்படி ஒன்னும் பாக்கல சிஸ்டர். அவ வாட்ச்சை எப்பவும் லேட்டாத்தான் நிறுத்துவா."

இல்லை என்றதோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. சிஸ்டர் பெருமூச்சு விட்டு என் ரெக்கார்டில் கையெழுத்துப் போட்டு, நன்றாகப் படி என்று சொல்லிக் கொடுத்தார்.

அவள் செய்முறைத் தேர்வு எழுதவில்லை. நாங்கள் லேபுக்குள் இருந்த அந்த மூன்று மணி நேரமும் வராந்தாவில் உட்கார்ந்து அடுத்த பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே எழுதினாள். அந்த நாட்களில் என்னிடம் பேசாமல் இருக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அதனால் அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்குப் போகும்போது உளுந்தூர்பேட்டையில் எனக்கும் சேர்த்து டீ வாங்கினாள். கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்தாள். வழியெல்லாம் அவள் அதிகம் பேசவில்லை. நான்தான் நிறுத்தாமல் எதையோ பேசிக்கொண்டு வந்தேன்.

ஜூன் மாதத் தொடக்கத்தில், கல்லூரி திறக்கச் சில நாட்கள் இருக்கும்போது, அவளுடைய அப்பா கடைக்கு வந்தார். அத்தாவுக்குச் சாப்பாடு கொடுக்க நான் போயிருந்தேன். சட்டைப் பைக்குள்ளிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். கல்லூரியிலிருந்து ஆங்கிலத்தில் வந்திருந்தது. தபால்காரரால் படித்துச் சொல்ல முடியவில்லை. மகளைக் கேட்டதற்கு அவள் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காட்டுக்குப் போய்விட்டாளாம். உங்கள் மகள் ஆய்வகத்தில் கவனக்குறைவாகவும் கீழ்ப்படியாமலும் நடந்துகொள்கிறாள், பெற்றோர் நேரில் வந்து உறுதி அளித்தால்தான் மூன்றாம் வருடத்துக்கு விடுதியில் இடம் தரப்படும் என்று இருந்தது. அதைப் படித்துச் சொன்னேன்.

"எம் பொண்ணு இன்னாம்மா தப்பு பண்ணா?" என்று கேட்டார்.

அத்தா கல்லாவில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் தப்பு ஒன்றும் செய்யவில்லை, நீங்கள் போய் சிஸ்டரைப் பாருங்கள், நானும் வந்து சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். கையெழுத்து வாங்கி, தேர்வு எழுதி முடித்தவள் நான். அப்போது எனக்கு இழக்க அவ்வளவு ஒன்றும் இல்லை.

"பெருசா ஒன்னும் இல்லீங்க. டீச்சர் சொன்னத கேக்கல. அவ்ளோதான்."

அவர் கடிதத்தை வாங்கி முன்பு இருந்த மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்தார். "சொன்ன சொல் கேக்காத புள்ளைய கொண்டுபோய் அடுத்தவங்க வாசல்ல நிறுத்தி நான் இன்னா உறுதி குடுக்கறது" என்றார் அத்தாவிடம். அத்தாவும், பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு படிச்சதே ஜாஸ்தி என்று ஆறுதல் சொன்னார். அவள் மூன்றாம் வருடத்துக்கு வரவில்லை. நான் கல்லூரிக்குத் திரும்பிய அன்று உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறும்போது என்னோடு அத்தாதான் இருந்தார்.

எனக்கு முதல் வகுப்பு கிடைத்தது. சிஸ்டரே எழுதிக்கொடுத்த நற்சான்றோடு பி.எட். சேர்ந்தேன். கல்யாணம் ஆயிற்று. அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை ஆனேன். லேபில் பிள்ளைகள் விடையிலிருந்து பின்னோக்கி எழுதுகிறார்கள் என்று கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். கையெழுத்துப் போட்டுக்கொண்டே போவேன். நாற்பது பேருக்கு இரண்டு ஊசல் வைத்துக்கொண்டு வேறென்ன செய்ய முடியும் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். கேள்வி நியாயமானதுதான். அதைக் கேட்கிற தகுதிதான் எனக்கு இல்லை.

ஒருமுறை பழைய மாணவிகள் கூட்டத்துக்குப் போனேன். சிஸ்டர் ஓய்வு பெற்று அங்கேயே மடத்தில் இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு பழைய கதையெல்லாம் பேசினார். பேச்சோடு பேச்சாக, "உன்கூட ஒரு மலைப் பொண்ணு இருந்தாளே, நல்ல மூளை. அடக்கம் இருந்திருந்தா எங்கேயோ போயிருப்பா" என்றார். அப்போது எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அத்தா இறந்தும் சில வருடங்கள் ஆகியிருந்தன. பயப்பட யாரும் இல்லை. ஆனாலும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அதற்கு அடுத்த வருடம் வெள்ளிமலைக்கு மாற்றினார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் மலையேறுவேன், மாலையில் பஸ்ஸோ ஜீப்போ எது கிடைக்கிறதோ அதில் இறங்குவேன். அவளைத் தேடவில்லை. வளைவுகளில் பஸ் நின்று ஆள் ஏற்றும்போதெல்லாம் ஏறுகிற முகங்களைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மார்கழி மாதம், ஒரு சந்தை நாளில், பள்ளிவிட்டு ஜீப்புக்காக நின்றிருந்தேன். கடுக்காய் எடைபோடும் இடத்தில் ஒரு பெண் வியாபாரியிடம், வெறும் தராசை ஒருதரம் தூக்கிக் காட்டு, அப்புறம் காயைப் போடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. அவளும் திரும்பிப் பார்த்தாள். முடி நரைத்து, பல் ஒன்று விழுந்து, என்னைவிடப் பத்து வயது மூத்தவள்போல் இருந்தாள்.

"டீச்சரா வந்துகிறேன்னு ஆடியிலயே சொன்னாங்க" என்றாள். ஐந்து மாதமாகத் தெரிந்தும் அவள் வரவில்லை.

நல்லா இருக்கியா, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டேன். ஒரே மகன், சேலத்தில் ஐ.டி.ஐ. படிக்கிறான் என்றாள். எத்தனையோ வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்ததை ஆரம்பித்தேன். "அன்னிக்கு சிஸ்டர் ரூம்ல நான்..."

"தெரியும்" என்றாள். "அன்னிக்கு சாயந்தரமே கூப்ட்டு சொல்ட்டாங்க. ஒன் ஜோடியே இல்லேன்றா, இனிமே நீ இன்னா சொல்லப்போறேன்னு."

"அப்புறம் ஏன் என்னை ஒன்னுமே கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன். உளுந்தூர்பேட்டைல டீ குடிக்கறப்ப சொல்லுவேன்னு நெனச்சேன். சொல்லல. கள்ளக்குறிச்சி போறதுக்குள்ள சொல்லுவேன்னு நெனச்சேன். நீ இன்னாமோ ஒங்க சித்தி வூட்டு கல்யாணத்த பத்தி பேசிக்கினே வந்த."

அவள் அழவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. மூட்டை கட்டிவந்த கோணியை உதறி மடித்தபடியே பேசினாள்.

"அதுகூட போவட்டும். பயந்துகினு சொல்லிட்ட. எங்கப்பன் கடிதாசிய தூக்கிக்கினு ஒங்க கடைக்கு வந்தாரே, அவராண்ட இன்னா சொன்ன? அதுக்கு அப்புறம் நான் வாட்ச்ச பத்தி அவருக்கு எத்தினியோ தரம் சொன்னேன். பாய் பொண்ணு பக்கத்துல இருந்து பாத்த புள்ள, அது சொல்றது பொய்யான்னு கேட்டாரு. சாவற வரைக்கும் நான் சொல் பேச்சு கேக்காத புள்ளன்னுதான் நெனச்சிக்கினு போனாரு."

உன் மகனுக்கு ஏதாவது உதவி வேண்டுமானால் செய்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமாக ஒலிக்கிறது என்று எனக்கே கேட்டது.

"ஒன்னும் வாணாம். ஜீப்பு வந்துடும், நீ போ" என்று சொல்லி, மடித்த கோணியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மே மாதக் கலந்தாய்வில் கீழே மாறுதல் கேட்டேன். காரணம் என்ற இடத்தில் உடல்நலம் என்று எழுதினேன். தலைமையாசிரியர், மலைக்கு இயற்பியல் ஆசிரியர் கிடைப்பதே அபூர்வம், இன்னும் ஒரு வருடம் இருந்து இந்தப் பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டுப் போங்கள் அம்மா என்று கேட்டுப் பார்த்தார். மூட்டுவலி, மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். மாறுதல் கிடைத்தது. நான் இறங்கிய பிறகு இரண்டு வருடம் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை, பிள்ளைகள் தாங்களே புத்தகத்தைப் படித்துப் பரீட்சைக்குப் போனார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். எத்தனை பேர் தேறினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.